செத்த வீட்டு ஹயருக்கு என்ன விலை?

தம்பிமாரே, அங்கால நிக்கிற ரெண்டு தங்கச்சிமாரே, முதல்ல இந்தக் கதிரைக்கு நன்றி. ஓட்டோ ஓடின ஆக்களுக்கு முழங்கால் நோவும் முதுகு நோவும்தான் பென்ஷன், வேற பென்ஷன் நமக்கு ஆரும் தாறல்ல. அதால இருந்துகொண்டே கதைக்கிறன், கோவிக்கப்படாது.

நம்மட சங்கச் செயலாளர் தம்பி என்னைக் கூப்பிடக்குள்ள, "மணியக்கா, புதுசா வந்த ஆக்களுக்கு வண்டி பராமரிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்க" எண்டான். நான் என்னத்தைச் சொல்ற? கிளச் கேபிள் அறுந்தா என்ன செய்யிற எண்டு யூடியூப்பில ஒரு பொடியன் என்னை விட வடிவாச் சொல்லித் தாறான். நான் கதைக்கப் போறது வாயைப் பற்றி. நம்மட தொழில்ல எஞ்சின் பழுதாகி நட்டப்பட்ட ஆக்களை விட, வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில மூடி வச்சு நட்டப்பட்ட ஆக்கள்தான் கூட. மூட வேண்டிய நேரத்தில திறந்து அடி வாங்கின ஆக்களும் இருக்காங்க. முன் வரிசையில சிரிக்கிறவருக்கு விளங்கும்.

நான் ஓட்டோ பிடிச்ச காலம், மட்டக்களப்பு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில ஓட்டோ ஓடின பொம்பிள நான் ஒருத்திதான். அப்ப எனக்கு ஒரு வாடிக்கை இருந்தா. கல்லடியில இருந்து மீன் பெட்டியோட மாக்கட்டுக்கு வாற ஒரு அக்கா. பேர் வேணாம், அவக்குப் பேர் சொன்னாப் பிடிக்காது. ஒவ்வொரு நாளும் அதே ரோட்டு, அதே தூரம், அதே விலை. ஆனா ஒவ்வொரு நாளும் விலை பேசித்தான் ஏறுவா. "என்னகா, விலையை ஏத்திப் போட்டியா? பெற்றோல் டாங்கில தங்கத்தையா கரைச்சு ஊத்துறாய்?" எண்டுவா. எனக்கு விடியக் காலமையே மண்டை கொதிக்கும். நேத்து சொன்ன விலைதானே இண்டைக்கும்!

ஒருநாள் பொறுக்கேலாமப் போய், "ஏறுங்க, விருப்பமானதைத் தாங்க" எண்டு சொல்லிட்டன். அவ ஏறல்ல. பெட்டியை இடுப்பில வச்சபடி நிண்டா. "விலை சொல்லாத வண்டியில நான் ஏறமாட்டன்கா. இறங்கக்குள்ள உன்ட முகத்தைப் பாத்துப் பாத்து, போதுமோ போதாதோ எண்டு பயந்து காசு குடுக்க எனக்கு ஏலாது" எண்டா. விலை சொன்னன். குறைச்சுக் கேட்டா. குறைக்க மாட்டன் எண்டன். சிரிச்சிட்டு ஏறினா. மாக்கட்டில இறங்கி, பேசின காசை எண்ணிக் கையில வச்சா. மறுகா பெட்டிக்குள்ள கையை விட்டு, ரெண்டு மீனைப் பேப்பரில சுத்தி முன் சீட்டில போட்டா. "இது என்னத்துக்கு?" எண்டு கேட்டன். "இது விலை இல்லகா, இது சும்மா" எண்டு சொல்லிட்டுப் போயிட்டா. அந்த நேரம் எனக்கு விளங்கினது மீன் மட்டும்தான். வீட்டை போய்ப் பொரிச்சுத் திண்டன்.

டிப்ஸ் எண்டு நீங்க சொல்றதை நாங்க சந்தோசம் எண்டு சொல்லுவம். அதில எத்தனை வகை கண்டிருக்கன் தெரியுமா? தயிர்ச் சட்டி தந்த ஆக்கள் இருக்காங்க, உயிரோட நண்டு தந்து பின் சீட்டு முழுக்க ஓட விட்ட ஆக்களும் இருக்காங்க. ஒரு துரை இருந்தார், ரிப்பன் வெட்டுற மந்திரி மாதிரி "மிச்சத்தை நீங்களே வச்சுக்கொள்ளுங்க" எண்டுவார். மிச்சத்தைப் பாத்தா ஒரு டொபி வாங்கக் காணாது. அதுக்கும் "நன்றி ஐயா" எண்டு சொல்லத்தான் வேணும். அது அவருக்குச் சந்தோசம்.

ஆனா நம்மட பக்கத்திலயும் ஒரு கள்ளத்தனம் இருக்கு, அதையும் சொல்லத்தான் போறன். பொக்கெட் நிறைய நோட்டை வச்சுக்கொண்டு, "மாத்தின காசு இல்லையே அக்கா" எண்டு தலையைச் சொறியிறது. அது டிப்ஸ் இல்ல, கத்தி காட்டாத களவு. ஆரும் செய்யிறீங்களா எண்டு நான் கேக்கல்ல, உங்கட முகங்களைப் பாத்தாலே காணும்.

சரி, இனி விஷயத்துக்கு வாறன்.

நம்மட ஸ்டாண்டில ஒரு சட்டம் இருந்தது. ஆரும் எழுதி வைக்கல்ல, ஆனா எல்லாருக்கும் தெரியும். செத்த வீட்டு ஹயருக்கு, அதான் சவாரிக்கு, விலை சொல்லப்படாது. ஒரு ஆள் அழுதுகொண்டு ஓடி வந்து, "எங்கட அப்பா மோசம் போயிட்டார், கெதியாப் போங்க" எண்டா, மீட்டரைப் போடாம, வாயைத் திறக்காம, கொண்டுபோய் விடவேணும். அந்த வீட்டுப் பெரியவங்க ஆராவது வெளியில வருவாங்க. "ஆர் தம்பி கொண்டுவந்தது? தூரத்தால வந்திருக்காய்" எண்டு சொல்லி, ரெண்டு வழிக் காசுக்கும் மேலயே கையில வைப்பாங்க. எனக்குத் தெரிய, விலை சொல்லாம நட்டப்பட்ட ஆள் அந்தக் காலத்தில ஒருத்தரும் இல்ல. ஆக்களுக்கும் அந்தச் சட்டம் தெரியும், அதுதான் காரணம்.

மறுகா அப் வந்தது. உங்கட போனுக்குள்ள ஹயர் பிடிக்கிற அந்தச் சாமான்தான். அது வந்தது நல்லது எண்டுதான் நான் இண்டைக்கும் சொல்லுவன். வெயிலுக்க காயாம ஹயர் வருது, புது ஆக்களுக்கு ஸ்டாண்டில இடம் கிடைக்காட்டியும் பிழைப்பு நடக்குது. ஆனா அதுக்கு ஒரு பக்கக் கண்தான் தெரியும். போற தூரத்துக்குக் கணக்குப் பாக்கும், வெறும் வண்டியாத் திரும்பி வாற தூரம் அதுக்குத் தெரியாது. டவுனுக்குள்ள ஓடினா பரவாயில்ல, இறக்கின இடத்திலயே அடுத்த ஹயர் கிடைக்கும். வாகரைப் பக்கம் போனா? திரும்பி வரக்குள்ள ரோட்டில மாடு மட்டும்தான் கை காட்டும்.

அதால நம்மட ஆக்கள் என்ன செய்தாங்க? ஹயரை எடுக்கிறது, கோல் பண்ணி "எங்க போகவேணும்?" எண்டு கேக்கிறது, தூரம் எண்டா "நீங்களே கான்சல் பண்ணுங்க அக்கா, நான் பண்ணினா எனக்குப் புள்ளி குறையும்" எண்டு சொல்றது. இண்டைக்கும் நடக்குது. ஓம், உன்னைத்தான் பாக்கிறன்.

அந்தக் காலத்தில புதுசா வந்தவன் சுதன். வந்தாறுமூலைப் பொடியன். தாய்ட காப்பை அடகு வச்சு முதல் கட்டி, மிச்சத்துக்கு லீசிங் போட்டு எடுத்த வண்டி. அதை அவன் துடைக்கிற துடையில பெயின்ற் போயிடும் எண்டு நாங்க பகிடி பண்ணுவம். ஸ்டாண்டில அவனுக்கு இன்னும் முறை கிடைக்கல்ல. அப்பில வாற ஹயரை வச்சுத்தான் மாசாமாசம் லீசிங் கட்டினான். பின்னேரத்தில வந்து எங்களோட தேத்தண்ணி குடிச்சிட்டு, நாங்க பறையிறதை வாயைப் பாத்துக்கொண்டு இருப்பான். செத்த வீட்டுச் சட்டமும் அப்பிடித்தான் அவன்ட காதில விழுந்தது.

நான் அப்பவே வண்டியை வித்திட்டன். முழங்கால் விடல்ல. ஆனா வீட்டில இருக்க ஏலாம ஸ்டாண்டுக்கு வந்து வாய் பாத்துட்டுப் போவன்.

ஒரு விடியக் காலமை. கொழும்பு பஸ்ஸால ஒரு பிள்ளை இறங்கினா. வசந்தி எண்டு பேர், கொழும்பில ஒரு தையல் கடையில வேலை. தகப்பன் மோசம் போன செய்தி கேட்டு ராவோட ராவா பஸ் ஏறி வந்திருக்கா. மாங்கேணிக்குப் போகவேணும். கொழும்பில பழகின மாதிரி அப்பில ஹயர் போட்டா. எத்தனையோ பேர் எடுத்தாங்க, எல்லாரும் மாங்கேணி எண்டதும் "நீங்களே கான்சல் பண்ணுங்க". கடைசியில சுதனுக்கு அடிச்சது. அவன் கோல் எடுத்தான், அந்தப் பக்கத்தில அழுகை. "நிண்ட இடத்திலயே நில்லுங்க அக்கா, வாறன்" எண்டு சொல்லிட்டு வந்து ஏத்தினான்.

திரும்பி வாற காசைப் பற்றி அவன் வாயே திறக்கல்ல. செத்த வீட்டு ஹயர் ஆச்சே. பெரியவங்க சட்டம் ஆச்சே.

மாங்கேணியில இறங்கினதும் அந்தப் பிள்ளை போனைப் பாத்தா, காட்டின காசை எண்ணிக் குடுத்தா, உள்ள ஓடிட்டா. சுதன் வாசலிலயே நிண்டான், ஆராவது பெரியவர் வருவார் எண்டு. ஒரு பெரியவர் வந்தார். "தம்பி, அந்தக் கதிரையளை ஒருக்காப் பந்தலுக்குள்ள போடுங்க" எண்டு சொல்லிட்டுப் போயிட்டார். அவன்ட தலைவிதி, செத்தவர்ட சொந்தக்காரப் பொடியன் எண்டு நினைச்சிட்டாங்க! கதிரை தூக்கினான். பந்தல் கால் சரிஞ்சது, பிடிச்சுக்கொண்டு நிண்டான். பிளேன்ரீ குடுத்தாங்க, குடிச்சான். வெயிலும் ஏறிட்டுது. ஒருத்தரும் காசைப் பற்றிக் கதைக்கல்ல. போன பெற்றோலையும் வாற பெற்றோலையும் கழிச்சா அவனுக்கு மிஞ்சிறது அந்தப் பிளேன்ரீ மட்டும்தான். அந்தக் கிழமை லீசிங் தவணை வேற.

ஆரிட்டக் கேக்கிற? அந்த வீட்டில அவனுக்குத் தெரிஞ்ச ஒரே முகம் வசந்திதான். உள்ள போனான். பொம்பிளையள் பெட்டியைச் சுத்தி ஒப்பாரி வச்சுக்கொண்டிருக்காங்க. இவன் போய்க் குனிஞ்சு, "அக்கா, திரும்பிப் போறதுக்கு ஏதாச்சும்..." எண்டு கேட்டிட்டான்.

ஐயோ, எண்ட கடவுளே!

வசந்திட தம்பி எழும்பி வந்து அவன்ட சேட்டுக் கொலரைப் பிடிச்சான். ஆரோ போனில வீடியோ எடுத்தாங்க. அண்டைக்குப் பின்னேரமே பேஸ்புக்கில, "பிணத்திட்டக் காசு பிடுங்கின ஓட்டோக்காரன்" எண்டு வந்திட்டுது. அப்பில முறைப்பாடும் போயிட்டுது. சுதன்ட கணக்கை மூடிட்டாங்க.

இப்ப விளங்குதா அவன்ட நிலைமை? அப் இல்லாட்டி ஹயர் இல்ல, ஹயர் இல்லாட்டி லீசிங் இல்ல, லீசிங் கட்டாட்டி வண்டியைத் தூக்கிட்டுப் போவாங்க. தாய்ட காப்பும் போயிடும். அதுக்கு மேல, ஏறாவூர்ல இருந்து வாழைச்சேனை வரைக்கும் அவன்ட முகத்தைப் பாக்கிற ஆக்கள் எல்லாம் பிணத்தின்னி எண்டு நினைப்பாங்க. பொடியன் ஸ்டாண்டுக்கு வந்து ஒரு மூலையில இருந்தான். தேத்தண்ணி குடுத்தாலும் குடிக்கல்ல.

அந்த அப் கொம்பனிக்கு நான்தான் கோல் எடுத்தன். ஒண்டை அமத்துங்க, ரெண்டை அமத்துங்க எண்டு ஒரு மெஷின் கதைச்சது. நான் அதுக்குப் பேசின பேச்சு அதுக்கு விளங்கியிருந்தா வேலையை விட்டிருக்கும். கடைசியில ஒரு பிள்ளை வந்து, பாவம், மரியாதையாத்தான் சொன்னா. "முறைப்பாடு செய்த வாடிக்கையாளர் வாபஸ் வாங்கினா நாங்க திரும்பப் பாப்பம் அம்மா." அவ்வளவுதான்.

ஸ்டாண்டு ரெண்டாப் பிரிஞ்சுது. ஒரு பகுதி, போய்க் காலில விழு எண்டாங்க. மற்றப் பகுதி, வேலைநிறுத்தம் செய்வம் எண்டாங்க. வேலைநிறுத்தம் எண்டு கத்தினவர்தான் அண்டைக்கு மாங்கேணி ஹயரை முதல் முதலாக் கான்சல் பண்ணச் சொன்ன ஆள் எண்டு மறுகாதான் தெரிய வந்தது. எனக்கு வந்த கோவத்தில, "எட்டாம் நாள் சடங்கு முடியட்டும், நான் கூட்டிக்கொண்டு போறன் இவனை" எண்டு சொல்லிட்டன். சொன்னாப் புறகுதான் முழங்கால் ஞாபகம் வந்தது.

எட்டு முடிஞ்ச மறுநாள் சுதன்ட வண்டியிலயே வெளிக்கிட்டம். அவன் முன்னுக்கு, நான் பின் சீட்டில. சிரிக்காதீங்க, என்ட ஆயுசில தூரப் பயணம் ஒண்டுக்குப் பின் சீட்டில இருந்து போனது அதுதான் முதல் தரம். கை சும்மா இருக்குதில்ல, கால் பிரேக்கைத் தேடுது. ஏறாவூர் தாண்டும் மட்டும் அவனுக்கு ரோட்டுச் சொல்லிக் குடுத்துக்கொண்டே வந்தன். மறுகா வாயை மூடிட்டு முன்னுக்குப் பாத்தன். பின் சீட்டில இருக்கிற ஆளுக்கு என்ன தெரியும் தெரியுமா? றைவர்ட முதுகு தெரியும். கண்ணாடிக்குப் பக்கத்தில கொழுவி வச்சிருக்கிற போன் தெரியும். அண்டைக்கு அந்தப் பிள்ளை அழுது வீங்கின கண்ணோட ஒண்டரை மணித்தியாலம் பாத்துக்கொண்டு போனது அந்தப் போனில தெரிஞ்ச இலக்கத்தைத்தான். அவக்கு அதுதான் விலை. றைவர் வாய் திறக்காட்டி, வேற விலை இருக்கு எண்டு அவக்கு எப்பிடித் தெரியும்? நம்மட சட்டம் நமக்குத் தெரியும். கொழும்பில அப் பிடிச்சுப் பழகின பிள்ளைக்குத் தெரியுமா?

ஓட்டமாவடியில தேத்தண்ணிக்கு நிப்பாட்டினம். சுதன் கண்ணாடிக் கிளாசைப் பிடிச்சபடி மன்னிப்புக் கேக்கப் பழகுறான். "அக்கா, நான் காசு கேட்டது பிழை, மன்னிச்சுக்கொள்ளுங்க. அக்கா, நான் காசு கேட்டது பெரிய பிழை..."

"டேய், காசு கேட்டது பிழை எண்டு அங்க சொன்னியோ, நான் இறங்கி பஸ்ஸில போயிடுவன்" எண்டன்.

"அப்ப என்னத்தைச் சொல்ல மாமி?"

"பெட்டிக்குப் பக்கத்தில வந்து கேட்டது பிழை எண்டு சொல்லு. பஸ் ஸ்டாண்டில வச்சுக் கேக்காதது பிழை எண்டு சொல்லு. கூலி கேட்டது பிழை எண்டு சொல்லாத."

கடைக்கார முஸ்லிம் நானா மேசையைத் துடைச்சபடி நிண்டவர், "கூலி கேக்கிறதும் பிழையாப் போச்சா வாப்பா இந்தக் காலத்தில?" எண்டார். விஷயம் என்னெண்டே அவருக்குத் தெரியாது. அந்தக் கதைக்காகவே நான் அவரிட்ட ஒரு பார்சல் வடை சேர்த்து வாங்கினன்.

மாங்கேணியில வீட்டு வாசலில நிண்டது வசந்திட தம்பி. சுதனைக் கண்டதும் கண் சிவந்திட்டுது. "என்ன, இன்னும் காணாதாமா? பெட்டியையும் தோண்டி எடுத்துத் தரவோ?" எண்டான்.

எனக்கு உச்சியில ஏறிட்டுது. என்ட வாய் உங்களுக்குத் தெரியும். அவன்ட பரம்பரைக்கே ஒரு பதில் தொண்டை வரைக்கும் வந்திட்டுது. நான் மட்டும் அதை வெளியில விட்டிருந்தன் எண்டா, சுதன்ட வண்டி அந்த மாசமே போயிருக்கும். எப்பிடி அடக்கினன் எண்டு எனக்கே தெரியாது. முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு, "தம்பி, எனக்கு நிக்க ஏலாது. ஒரு கதிரை தாறீங்களா? சண்டையை இருந்துகொண்டு பிடிப்பம்" எண்டன். வயசான பொம்பிள கதிரை கேட்டா ஆர் இல்லையெண்டுவான்? முணுமுணுத்துக்கொண்டு எடுக்கப் போனான்.

அந்த நேரம் உள்ள இருந்து தாய் வந்தா. சுதனைப் பாத்திட்டு, "இது அண்டைக்குக் கதிரை தூக்கின புள்ளையெல்லோ? பந்தல் கால் சரியக்குள்ள பிடிச்சுக்கொண்டு நிண்டதே! சாப்பிடாமப் போயிட்டாய் எண்டு கவலைப்பட்டன் மனே" எண்டா. மகன் கதிரையோட அப்பிடியே நிண்டான். சேட்டைப் பிடிச்சது ஆரை எண்டு தாய்க்குத் தெரியாது. கதிரை தூக்கினது ஆர் எண்டு மகனுக்குத் தெரியாது.

வசந்தி வெளியில வந்தா. முகம் வாடிக் கிடந்தாலும் கதை நேர்தான். "போனில காட்டின காசைக் குடுத்தன்தானே? அதுக்கு மேல என்னத்துக்குக் கேட்டாய்? அதுவும் எங்கட அப்பாட தலைமாட்டில வந்து?"

சுதன் பழகினதெல்லாம் மறந்திட்டான். "அங்க வந்து கேட்டது பிழை அக்கா" எண்டான். "போன் காட்டினது போற காசு மட்டும். வெறும் வண்டியா திரும்பி வாறதை அது பாக்காது. அதை பஸ் ஸ்டாண்டிலயே சொல்லியிருக்க வேணும். அழுதுகொண்டு நிக்கிற ஆளிட்ட விலை சொல்லப்படாது எண்டு எங்கட ஸ்டாண்டில ஒரு சட்டம். அதுதான் வாய் திறக்கல்ல."

அந்தப் பிள்ளை கிட்ட வந்தா. "அழுதா காது கேக்காதா தம்பி?" எண்டு கேட்டா. "சொல்லியிருந்தா தந்திருப்பனே. எத்தனை பேர் வரமாட்டன் எண்டாங்க அண்டைக்கு. நீ ஒருத்தன்தான் வந்தாய். உன்னையும் கள்ளன் எண்டு நினைக்க வச்சிட்டியேடா!"

சொல்லிட்டு அழுதிட்டா. எனக்கும் கண் கலங்கிட்டுது, ஏன் மறைக்கிற? எத்தனை வருசம் அந்தச் சட்டத்தைப் பெருமையாச் சொல்லித் திரிஞ்சம். மரியாதை எண்டு நினைச்சு நாங்க வாயை மூடினது, கடைசியில அழுத ஆளையும் ஏமாத்தி, ஓடின ஆளையும் ஏமாத்திட்டுது.

முறைப்பாடு போட்டது தம்பிக்காரன், அக்காட போனில இருந்து. வீடியோ எடுத்தது பக்கத்து வீட்டுப் பொடியன். வசந்தி அந்த இடத்திலயே போனை எடுத்தா. சிக்னல் வரல்ல. வேலி ஓரமாப் போனா, வரல்ல. கடைசியில தம்பிக்காரனே ஒரு பழைய தோணிக்கு மேல ஏறி நிண்டு, போனைத் தூக்கிப் பிடிச்சு வாபஸ் எழுதி அனுப்பினான். "பரிசீலிக்கிறம்" எண்டு பதில் வந்தது. அது எந்த நாள் பரிசீலிப்பாங்களோ, ஆருக்குத் தெரியும்? ஆனா அவன் இறங்கி வந்து, "மச்சான், சேட்டுக் கிழிஞ்சதா?" எண்டு கேட்டான். "பொத்தான் மட்டும்தான்" எண்டான் சுதன்.

கதை இதோட முடிஞ்சுது எண்டுதான் நானும் நினைச்சன். தாய் சோறு போட்டா, சாப்பிட்டம். வெளிக்கிடப் போகக்குள்ள வசந்தி ஒரு பேக்கோட வந்து நிண்டா. "எனக்கு லீவு முடிஞ்சுது. பின்னேர பஸ்ஸில கொழும்புக்குப் போகவேணும். உன்ட வண்டியிலயே மட்டக்களப்புக்கு வாறன். எவ்வளவு?"

சுதன் என்னைப் பாத்தான். நான் வானத்தைப் பாத்தன். இதில நான் வாய் வச்சா அவன் ஆயுசுக்கும் பழக மாட்டான். "நீங்க விருப்பமானதைத் தாங்க அக்கா" எண்டான் அந்த மடையன். எனக்கு அவன்ட பிடரியில ஒண்டு போடவேணும் போல இருந்தது.

"விருப்பம் எல்லாம் வேணாம். விலையைச் சொல்லு. அண்டைக்குத் திரும்பிப் போன காசையும் சேர்த்துச் சொல்லு" எண்டா அவ.

உள்ள, தகப்பன்ட படத்துக்கு மாலை போட்டு விளக்கு எரியுது. அந்த வாசலில நிண்டு விலை சொல்லவேணும். அவனுக்கு வேர்த்து ஊத்துது. தொண்டையைச் செருமினான். மறுகா அவன் சொன்னதை நான் அப்பிடியே சொல்றன் கேளுங்க.

"அண்டைக்குத் திரும்பின காசு உங்களோட பேசல்ல அக்கா. பேசாததுக்கு இப்ப விலை சொல்ல எனக்கு ஏலாது. இண்டைக்கு எப்பிடியும் மட்டக்களப்புக்குத் திரும்பிப் போற வண்டி. அதால திரும்பிற காசு இல்ல, ஒரு வழிக் காசு மட்டும்தான். மாமியும் கூட வாறா, அதால அதிலயும் ஐநூறு குறைச்சுத் தாங்க." சொல்லிட்டு முழுத் தொகையையும் வாய் திறந்து சொன்னான்.

நான் ஆடிப் போயிட்டன். திரும்பிற காசு கேட்டதுக்காக ஊரெல்லாம் நாறிப்போனவன், திரும்பிற காசு சேராத நாளில அதைத் தானாகவே கழிச்சுச் சொல்றான். அந்தப் பக்கத்தில வசந்தி கண்ணைத் துடைச்சிட்டு என்ன செய்தா தெரியுமா? "விலை கூடத் தம்பி, இன்னும் குறை" எண்டா! கொழும்பில போய்ப் பழகினவ எண்டாலும் மட்டக்களப்பாள்தானே. இவன் "ஏலாது அக்கா, பெற்றோல் விலை தெரியும்தானே" எண்டான். அவ "சரி, பேக்கைத் தூக்கு" எண்டா. எனக்குக் கல்லடி மீன்கார அக்காட முகம் அப்பிடியே முன்னுக்கு வந்து நிண்டுது.

மட்டக்களப்பு பஸ் ஸ்டாண்டில இறங்கினா. பேர்ஸைத் திறந்து, பேசின காசை எண்ணிச் சுதன்ட கையில வச்சா. பேர்ஸை மூடினா. சிப் இழுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. பேக்கைத் தோளில போட்டா, ஒரு அடி எடுத்து வச்சா, திரும்பி வந்தா. பேர்ஸை ரெண்டாந்தரம் திறந்து இன்னொரு நோட்டை எடுத்து நீட்டினா. "இது விலை இல்ல. எல்லாரும் வரமாட்டன் எண்ட நேரம் நீ வந்ததுக்கு."

சுதன் என்னைப் பாத்தான். "என்னை என்னடா பாக்கிறாய், வாங்கு" எண்டன். வாங்கிட்டான். தேம்பித் தேம்பி அழுதுகொண்டு வாங்கினான். பஸ் ஸ்டாண்டில நிண்ட ஆக்கள் என்னைப் பாக்காங்க, நான் ஏதோ அடிச்சிட்டன் எண்டு.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தன். முதல் தரம் திறக்கிற பேர்ஸில இருக்கிறது உங்கட கூலி. அதை வண்டிச் சில்லு உருள முதலே வாய் திறந்து கேக்கவேணும், அழுற ஆளிட்டயும் கேக்கலாம், குரலைத் தணிச்சுக் கேளுங்க. அப் குறைச்சுக் காட்டினா, "அக்கா, இது ஒரு வழிக் காசு, திரும்பி வெறும் வண்டிதான் வரும்" எண்டு சொல்லிட்டு ஏத்துங்க, அல்லாட்டி ஏத்தாதீங்க. கொம்பனியிட்டயும் ஒண்டாச் சேர்ந்து அதைக் கேளுங்க, தனித்தனியா மெஷினோட கத்தாதீங்க. ரெண்டாந்தரம் பேர்ஸ் திறந்தா, அது சந்தோசம். அதைக் கேக்கவும் ஏலாது, அதை நம்பி லீசிங் எடுக்கவும் ஏலாது. திறக்காட்டியும் முகத்தைச் சுழிக்கப்படாது. கூலி சரியா வந்த ஆளுக்கு முகம் சுழிக்கத் தேவையும் வராது.

சுதன்ட கணக்கு கொஞ்ச நாளில திறந்திட்டுது. வண்டி போகல்ல, காப்பும் திரும்பி வந்திட்டுது. இண்டைக்குக் கூட்டத்துக்கு எண்டு வாசல் வரைக்கும் வந்தவன், உள்ள வரல்ல. வாகரையில ஒரு செத்த வீட்டுக்கு ஹயர் வந்திட்டுது. நான் இந்த வாசலில நிக்கக்குள்ளதான் அவன் அந்த ஆக்களோட கதைச்சான். மெல்லமாத்தான் கதைச்சான். ரெண்டு வழி விலையையும் சொன்னான். அந்த ஐயா கண்ணைத் துடைச்சபடி, "சொன்னது நல்லதாப் போச்சு தம்பி, எனக்கு அந்த யோசனையும் இல்லாமப் போச்சு" எண்டு சொல்லிட்டு ஏறினார்.

சரி, கதைச்சது காணும், முழங்கால் விறைச்சிட்டுது. இப்ப என்னை ஆர் வீட்டை கொண்டுபோய் விடுறது? என்ன, நாவற்குடாவுக்கு ஓசியிலயா? ஏய், கதிரையில இருந்து எழும்ப மாட்டன் நான். விலையைச் சொல்லுங்கடா முதல்ல. கூடச் சொன்னாலும் பரவாயில்ல, நான் குறைச்சுக் கேப்பன்.